பெர்சபோலிஸ் களிமண் ஏடுகள்

பாரசீகத்தின் அகாமனிசியப் பேரரசு எப்படி நடந்தது என்பதை அதன் சொந்தக் கணக்கிலிருந்தே காட்டும் ஆவணத் தொகுதி. 1933-ல் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்பெல்டு தலைமையிலான சிகாகோ பல்கலைக்கழகக் குழு, பெர்சபோலிசின் கோட்டைச் சுவர் அறைகளில் ஆயிரக்கணக்கில் இவற்றைக் கண்டெடுத்தது. காலம் கி.மு. 509 முதல் 493 வரை. முதலாம் தாரியசின் ஆட்சி.

பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்குபவை. எழுதியது ஈலமிய மொழியில், ஆப்பெழுத்தில். பாரசீக மன்னரின் அலுவலகம் அண்டை மக்களின் மொழியில் கணக்கு வைத்தது என்பதே பெரிய செய்தி. அரமேய ஏடுகளும் உண்டு. கிரேக்கத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் திராட்சை மதுக் கணக்கு!

உள்ளே இருப்பது போர்ப் பெருமை அல்ல, படியளந்த விவரம். தொழிலாளருக்கு வாற்கோதுமை, முத்திரையிட்ட அனுமதி ஓலையோடு வந்த பயணிகளுக்கு மாவு, தெய்வங்களுக்குப் படையல். இந்தியாவிலிருந்து அரச நகரான சூசாவுக்குப் போனவர்களும் இதில் வருகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கூடுதல் படி கிடைத்தது. ஆனால் ஆண் குழந்தை பெற்றவளுக்குக் கிடைத்ததில் பாதிதான் பெண் குழந்தை பெற்றவளுக்கு. நெஞ்சை உறுத்தும் கணக்கு இது.

நிர்வாகத் தலைவர் பர்னகாவின் முத்திரை கி.மு. 500-ல் மாற்றப்பட்டது. பழையது இனிச் செல்லாது, இந்த ஏட்டில் பதிந்திருப்பதே புதியது என்று அவர் அறிவித்த ஏடும் கிடைத்திருக்கிறது.

ஆய்வாளர் ரிச்சர்டு ஹலக் 1969-ல் 2,087 ஏடுகளைப் படித்து வெளியிட்டார். ஆய்வுக்காகச் சிகாகோவுக்குப் போயிருந்தவற்றில் 1,783 ஏடுகள் 2019-ல் ஈரானுக்குத் திரும்பின.