பெயர் சுட்டாப் பாட்டும் பெயர் கொண்ட கதையும்: தமிழ்க் காப்பியத்தில் பாட்டின் இடம்

சங்க அகப்பாடலில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. ஐந்திணைக் காதலைப் பாடும்போது எவர் பெயரையும் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. தலைவனைப் பிரிந்து வாடும் அரசியைப் பாடும் அந்த நெடும்பாட்டில் யார் பெயரும் வரவில்லை. ஆனாலும் வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அதனால் அது புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொன்னார்.

காப்பியத்துக்கு இந்த விதி ஒத்துவராது. கதைமாந்தருக்குப் பெயர் வேண்டும், குடி வேண்டும், ஊர் வேண்டும். சிலப்பதிகாரம் தொடக்கத்திலேயே கண்ணகிக்கு 12 வயது, கோவலனுக்கு 16 வயது என்று அகவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. தமிழில் காப்பியம் தோன்றியதற்கு வடமொழிக் காவியத்தின் தாக்கத்தையோ வாய்மொழிக் கதைகளின் திரட்சியையோ காரணம் காட்டுவது வழக்கம். இரண்டையும் மறுப்பதற்கில்லை. எனினும் பெயரற்ற பாட்டு பெயருள்ள கதைக்குள் நுழைந்தபோது என்ன ஆயிற்று என்று கவனித்தால் இந்த வரலாறு இன்னும் தெளிவாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கதைக்கான கரு சங்கப் பாடல்களிலேயே கிடக்கிறது. பேகன் பிரிந்து வாழ்ந்த மனைவி கண்ணகிக்காகக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகியோர் பாடியவை புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள். நற்றிணை 216ஆம் பாடல் ஒரு முலை இழந்த திருமாவுண்ணி என்பவளையும் வேங்கை மரத்தையும் போகிற போக்கில் குறிப்பிடுகிறது. பேகன் மனைவியே புகார்க் கண்ணகி என்று வாதாட வேண்டியதில்லை. அப்படி வாதாடியவர்கள் எதையும் நிறுவியதாக எனக்குத் தோன்றவில்லை. இவை தனித்தனிப் பாடல்களாகவே நின்றன, தொடர்கதையாகவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம்.

தொடர்கதையாக்கியவர் சிலப்பதிகாரம் பாடிய இளங்கோ. அவர் பாட்டை உதறிவிட்டுக் கதைக்கு வரவில்லை. நூலின் பதிகமே அதனை உரையும் பாட்டும் விரவிய செய்யுள் என்கிறது. 3 காண்டங்களில் 30 பகுதிகள்; பெரும்பாலானவை அகவல். இடையிடையே நெய்தலுக்குக் கானல்வரி, பாலைக்கு வேட்டுவ வரி, முல்லைக்கு ஆய்ச்சியர் குரவை, குறிஞ்சிக்குக் குன்றக் குரவை. மருதத்துக்கு மட்டும் தனிப் பாட்டுப் பகுதி இல்லை. காவிரி பாயும் வயல்வெளியை நாடுகாண் காதையின் அகவலே பார்த்துக்கொள்கிறது.

இவற்றில் கானல்வரி தனித்து நிற்பது. இந்திர விழா முடிந்து கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். பாட்டுகள் அத்தனையும் அக மரபில் வந்தவை. காவிரியையும் நெய்தல் நிலத்துப் பெண்ணையும் பாடுபவை. இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவனோடு வாழும் மாதவிக்குப் படுகிறது. அவளும் யாழை வாங்கி, வேறு குறிப்புடையவள்போலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். மரபுப்படி கேட்டால் அப்பாட்டுகளில் வரும் ‘நான்’ யாருமில்லை. கூற்றுக்குரிய தலைவனும் தலைவியும்தான். ஆனால் பாடுகிறவருக்கு இப்போது கோவலன் என்றும் மாதவி என்றும் பெயர் இருக்கிறது. பெயர் சுட்டாப் பாட்டைப் பெயருள்ளவர் பாடினால், கேட்பவர் அதை வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்வார். மதுரைப் பயணம், கொலை, எரி எல்லாம் இந்தத் தவறான கேட்பிலிருந்து கிளைக்கின்றன. ஊழ்தான் காரணம் என்று இளங்கோ சொல்கிறார். கதையை நகர்த்த அந்த ஊழ் கையில் எடுத்த கருவி யாழ். அகமரபு காப்பியத்துக்குள் வந்ததும் முதல் வேலையாக ஒரு வீட்டைக் குலைத்தது என்று சற்று மிகைப்படுத்தியும் சொல்லலாம். இசை நூல்களை அவ்வளவு அறிந்த அடியார்க்குநல்லாரின் உரை, கானல்வரிக்கு நமக்குக் கிடைக்காமல் போனது பேரிழப்பு.

மணிமேகலையில் பாட்டு வெளியேறிவிடுகிறது. 30 காதைகளும் அகவல். வரியும் இல்லை, குரவையும் இல்லை. தொடக்கமே இந்திர விழாவுக்கு ஆட வேண்டிய மாதவியும் அவள் மகளும் வரவில்லை என்பதுதான். சாத்தனார் இதைத் தெரிந்தே செய்தார் என்று நினைக்கிறேன். காதலைத் துறக்கும் கதைக்கு நெய்தற் பாட்டு எதற்கு? அந்த இடத்தில் சமய வாதமும் அளவை நூலும் வந்து அமர்கின்றன. சிலர் இதைக் கவித்துவக் குறைவு என்பார்கள். எனக்கு அது கதைப்பொருளோடு பொருந்திய கண்டிப்பாகவே படுகிறது. கொங்குவேளிரின் பெருங்கதையும் அகவலில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே யாழ் திரும்பி வருகிறது. உதயணனின் கோடபதி என்னும் யாழ் மதயானையை அடக்குகிறது; வாசவதத்தைக்கு அவன் யாழ் கற்பிப்பதில் காதல் வளர்கிறது.

இதற்கிடையில் பாட்டு வேறொரு வீடு தேடிக்கொண்டது. நாயன்மாரும் ஆழ்வாரும் அகத்திணைத் தலைவியின் குரலை எடுத்து, தலைவன் இடத்தில் பெயரும் ஊரும் உள்ள இறைவனை வைத்தார்கள். தொல்காப்பியம் பேசாத விருத்தம் முதலிய பாவினங்கள் இவர்கள் நாவில்தான் பெருவழக்காயின. 10ஆம் நூற்றாண்டு யாப்பருங்கலம் அவற்றுக்கு இலக்கணம் வகுத்தது.

அந்த விருத்தத்தைக் கதைக்குக் கொண்டுவந்து பெரும் வெற்றி கண்டவர் திருத்தக்கதேவர். சமணத் துறவி அவர். சமணத்தைச் சாடிய பாடல்களிலும் வளர்ந்த யாப்பு அவருக்குத் தடையாகப் படவில்லை. சீவக சிந்தாமணியின் 13 இலம்பகங்களும் விருத்தத்தால் ஆனவை. தனியாக வரி எதுவும் வேண்டியிருக்கவில்லை, கதை முழுவதுமே பாட்டின் நடையில் போகிறது. காந்தருவதத்தையை யாழ்ப் போட்டியில் வென்று சீவகன் மணக்கிறான். புகார்க் கடற்கரையில் பிரித்த கருவி இங்கே சேர்த்து வைக்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. யார் நன்றாக வாசித்தார் என்பது மட்டுமே கேள்வி. கானல்வரியின் கூர்மை இங்கே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வளையாபதியும் குண்டலகேசியும் உதிரிச் செய்யுள்களாக மட்டும் எஞ்சின. ஐம்பெருங்காப்பியம் என்ற தொகையை நன்னூலுக்கு உரை எழுதிய மயிலைநாதர் குறிப்பிடுகிறார். பெருங்காப்பியத்துக்குத் தண்டியலங்காரம் கேட்கும் ‘தன்னேரில்லாத் தலைவன்’ என்ற இலக்கணம் சீவகனுக்குப் பொருந்துகிறது, கோவலனுக்கு எப்படியும் பொருந்தாது. அச்சிலும் காலத்தால் பிந்திய சிந்தாமணிக்கே முதலிடம் கிடைத்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் அதைப் பதிப்பித்தார். அவருடைய சிலப்பதிகாரப் பதிப்பு 1892இலும் மணிமேகலைப் பதிப்பு 1898இலும் வந்தன.

சோழன் அநபாயன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு, அதற்கு மாற்றாகவே அமைச்சர் சேக்கிழார் அடியார் வரலாற்றைப் பாடினார் என்று சேக்கிழார் புராணம் கூறுகிறது. செய்தி வரலாறோ புனைவோ, பெரியபுராணம் எடுத்துக்கொண்ட யாப்பும் விருத்தமே.