பள்ளி என்ற சொல்லும் கல்லும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே, பாறையிலேயே செதுக்கிய திருமால் படுத்திருக்கிறார். முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு அவரைப் 'பள்ளிகொண்டருளிய தேவர்' என்கிறது. பள்ளி என்றால் படுக்கை. அதே கடலோரம் வடக்கே கோவளத்தில், தமீம் அன்சாரி தர்காவுக்குப் போகிறவர்கள் அடக்கத்தலத்தை தர்கா என்றும் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றும் பிரித்தே சொல்வார்கள். பள்ளி இங்கேயும் வந்துவிட்டது.

படுக்கையிலிருந்து தொழுகைக்குப் போன வழி சமணர் குகைகளில் தொடங்குகிறது. மதுரைக்கு அருகே மாங்குளத்தில் துறவிக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைக் குகையைத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு 'பளி' என்றே குறிக்கிறது. துறவி படுத்த இடமே அவர் உறைவிடம் ஆயிற்று. அங்கே பாடமும் நடந்ததால் பள்ளிக்கூடம் பிறந்தது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரை இராசராசப் பெரும்பள்ளி. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம்.

பிறகு அரபு வணிகர் வந்தார்கள். 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத் திருப்புல்லாணிக் கல்வெட்டில் பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகர் எனப்பட்ட அந்த முஸ்லிம்களின் தொழுமிடம் 'பள்ளி' என்றே வருகிறது. வந்தவர் சமயத்துக்கென்று புதுச்சொல் தேடாமல், வீட்டிலிருந்த சொல்லையே தமிழ் எடுத்துக் கொடுத்தது. எனக்கு இந்தக் கல்வெட்டின் மேல் தனிப் பிரியம் உண்டு. காயல்பட்டினத்தார் இன்றும் குத்பா பள்ளி என்கிறார்கள். வாசல் சேர்க்க வேண்டியதில்லை.

சொல்லைப் போலவே கட்டடமும். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கீழக்கரை ஜும்மா பள்ளி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கருங்கல் தூண்கள், மேலே தட்டையான கற்பலகைக் கூரை. தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டி உத்தரத்தைத் தாங்கும் கல்லுக்குப் போதிகை என்று பெயர். பல்லவர் குடைவரைகளில் அது அலை அலையாகச் சுருண்டிருக்கும். கீழக்கரையில் அது பூ வேலையாக மலர்ந்திருக்கிறது. மனித உருவமோ விலங்குருவமோ எங்கும் இல்லை. மண்டபம் கட்டத் தெரிந்த தமிழ்த் தச்சர்களின் மரபு, உருவத்தை மட்டும் விட்டுவிட்டு, தொழுகைக்கு வேண்டிய மண்டபத்தைத் தந்தது.

இடம் போதவில்லை என்று பல ஊர்களில் கல்பள்ளியை இடித்துக் கான்கிரீட் குவிமாடம் எழுப்பிவிட்டார்கள். ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விரிவாக்கத்தைப் பக்கத்தில் கட்டுங்கள், கல்தூண்களுக்கு பெயின்ட் அடிக்காதீர்கள்.