கார்தில்யா (லிஸ்பன், 1554)

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் 1554 பிப்ரவரி 11 அன்று அச்சாகி முடிந்த தமிழ்ச் செபநூல். இந்திய மொழியொன்றில் அச்சேறிய முதல் நூல் இதுவே. ஆனால் இதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழ்ச் செபங்கள் ரோமன் எழுத்தில், சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசியப் பொருளோடு, கறுப்பும் சிவப்புமாக அச்சிடப்பட்டுள்ளன.

இப்படியொரு நூல் வேண்டியிருந்ததற்குத் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையே முதற் காரணம். 1535–37இல் இக்கரைப் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

நூலை ஆக்கிய மூவரும் இந்தியர்: வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா குரூஸ். ஞானஸ்நானப் பெயர்களாலேயே இவர்கள் அறியப்படுகின்றனர்.

இவர்களைப் போல அக்காலத்தில் இந்தியாவிலிருந்து லிஸ்பன் போனவர் ஒரு பனிக்காலத்தையாவது அங்கே கழித்தே தீரவேண்டும். கொச்சியில் ஜனவரி வாக்கில் பாய் விரித்த கப்பல் அரை ஆண்டு ஓடிக் கோடையில் போய்ச் சேரும். இந்தியாவுக்குக் கப்பல்கள் கிளம்புவதோ அடுத்த மார்ச், ஏப்ரலில்தான். பருவக்காற்று வகுத்த கணக்கு அது. ஆகவே கிறிஸ்துமஸும் மூன்று ராசாக்கள் திருநாளும் அந்நகரில்தான். லிஸ்பனில் பனி விழுவது அபூர்வம். குளிர்காலமே அங்கு மழைக்காலம். ஐப்பசி கார்த்திகை அடைமழை கண்டவர்க்கு மழை புதிதல்ல, குளிர்தான் புதிது.

1553–54 திருநாட்காலம் நகருக்கு நல்லபடியாகக் கழியவில்லை. ஜனவரி 2 அன்று பட்டத்து இளவரசர் ஜோவான் மனுவேல் இறந்தார். இருபதாம் தேதி அவருடைய மகன் செபஸ்தியான் பிறந்தான். வாரிசின்றித் தவித்த அரண்மனை மூச்சுவிட்டது. குழந்தையின் பாட்டனார், அரசர் மூன்றாம் ஜோவானின் ஆணைப்படி வெளிவந்ததே இந்நூல். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று வேலை முடிந்தது. மார்ச் கப்பலைப் பிடிக்கும் அவசரமும் இதில் இருந்திருக்கலாம்.

ரோமன் எழுத்து, வாசித்துக்காட்டும் குருவுக்குத்தான் உதவும். கேட்டுச் சொல்லும் கரைக்காரருக்கு உதவாது. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை ஆக்கியவர் புன்னைக்காயலில் தங்கிப் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார். அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்.