மூன்று பெயர்ப் பலகை பார்சன்ஸ்

கிரிக்கெட் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதும் மயிலாப்பூர்க்காரன் நான். இனிஷியலைச் சரியாகப் போடுவதே பாதி வேலை. ஆட்டக்காரர் ஜாக் பார்சன்ஸ் காலத்து இங்கிலாந்தில் அது அந்தஸ்துப் பிரச்சினை. அமெச்சூருக்கு இனிஷியல் முன்னால், கூலிக்கு ஆடும் தொழில்முறை வீரருக்குப் பின்னால்.

பார்சன்ஸ் 1890-இல் பிறந்தவர். 1910-இல் வார்விக்‌ஷயருக்குச் சம்பளத்துக்கு ஆடவந்தார், 'பார்சன்ஸ், ஜே.எச்.' முதல் உலகப்போரில் மிலிட்டரி கிராஸ் வாங்கி இந்திய ராணுவத்தில் அதிகாரியானார். உடனே 'கேப்டன் ஜே.எச். பார்சன்ஸ்', அமெச்சூர். ராணுவத்தை விட்டதும் மறுபடி கூலி, மறுபடி பின்னால் இனிஷியல். 1929-இல் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்றார். 'ரெவரென்ட் ஜே.எச். பார்சன்ஸ்' திரும்பவும் அமெச்சூர்! ஆள் அதே ஆள், அடி அதே அடி. 1934 வரை வார்விக்‌ஷயருக்கு ஆடினார்.

1926-27-இல் ஆர்தர் கில்லிகன் தலைமையில் இந்தியா வந்த எம்.சி.சி. அணியில் இவரும் உண்டு. அந்த அணி சேப்பாக்கத்திலும் ஆடியது. இங்கிலாந்தில் அமெச்சூருக்கும் கூலிக்கு ஆடுபவருக்கும் நடுவே வேலி என்றால், சேப்பாக்கத்தில் வேலி வேறு மாதிரி: ஒரு காலத்தில் இந்திய வீரர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை, மரத்தடிதான். அந்த எரிச்சலில்தான் எங்கள் லஸ் வட்டாரத்து புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இனிஷியலை முன்னே பின்னே மாற்றி ஏறிவிடக்கூடிய வேலியல்ல அது. அவர் மகன் சி. ராமஸ்வாமி 1936-இல், நாற்பது வயதில், இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடினார்.

பார்சன்ஸ் இரண்டாம் உலகப்போரில் ராணுவப் பாதிரியாராகப் போனார். 1981-இல் காலமானார்.