தாயகம் திரும்பும் வழியில் ஒரு நாள்

1845-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள். நெப்போலியன் சிறைவைக்கப்பட்டு மாண்ட செயின்ட் ஹெலினா தீவின் துறைமுகத்தில் ‘சோபியா வாக்கர்’ என்னும் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. பர்மாவிலிருந்து தாயகமாகிய அமெரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அதோனிராம் ஜட்சன், சாரா ஜட்சன் என்னும் மிஷனெரித் தம்பதியர் அதில் இருந்தனர். அன்று விடியுமுன் சாரா கண்மூடினார்.

இந்த அம்மையார் யார்? 1825-இல் முதற்கணவர் ஜார்ஜ் போர்ட்மனுடன் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டவர். தென் பர்மாவிலுள்ள தவாயில் இருவரும் கரேன் மக்களிடையே தொண்டாற்றினர். கரேனியர் பர்மிய அரசரின் ஆட்சியில் வரிக்கும் கட்டாய வேலைக்கும் ஆட்பட்டு, இழிவாக எண்ணப்பட்ட மலைவாழ் மக்கள்; அன்று அவர்தம் மொழிக்கு எழுத்தும் இல்லை. ‘முன்னொரு காலத்தில் நமக்கும் ஒரு நூல் இருந்தது, அதை இழந்துவிட்டோம்’ என்று அவர்கள் வழிவழியாகக் கூறிவந்தனர். 1831-இல் போர்ட்மன் மறைந்தார். தாயகம் திரும்பியிருக்கலாம், சாரா திரும்பவில்லை. கைக்குழந்தையுடன் தங்கிப் பள்ளிகளை நடத்தினார். காடும் மலையும் கடந்து கரேன் சிற்றூர்களுக்குச் சென்றார். 1834-இல் ஜட்சனை மணந்தபின் மௌல்மீன் நகரில் பணி தொடர்ந்தது.

உடல் நலிந்ததால், மருத்துவர் அறிவுரைப்படி 1845 ஏப்ரலில் கணவருடனும் மூத்த பிள்ளைகள் மூவருடனும் கப்பலேறினார். இளைய சிறுவர் மூவரைப் பர்மாவில் விட்டுவர நேர்ந்தது. அவர்களுள் ஒரு குழந்தை ஆகஸ்டு மாதத்தில் இறந்துபோன செய்தி கடலிலிருந்த தாயை எட்டவேயில்லை.

சாராவின் உடலைப் படகில் கரைசேர்த்து, அன்றே அடக்கம் செய்தனர். இலங்கையில் தொண்டாற்றி, இவரைப்போலவே தாயகம் திரும்பும் வழியில் உயிர்நீத்த சேட்டர் அம்மையாரின் கல்லறை அருகே இவருக்கும் இடம் கிடைத்தது. மாலையில் கப்பல் புறப்பட்டது. தாயற்ற மூன்று பிள்ளைகளுடன் ஜட்சன் பயணம் தொடர்ந்தார்.

இளைஞர்களே, அந்நாளைச் சூழ்ந்திருந்த வேறு இரு செய்திகளையும் நாம் அறிதல் வேண்டும். 1840 முதல் ஆங்கிலேயக் கடற்படை, பிடிபட்ட அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்ட ஆப்பிரிக்கரை அதே தீவில்தான் இறக்கிவந்தது. நோயுற்று ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். மற்றொன்று, ஜட்சன் தம்பதியரை அனுப்பிய சபையைப் பற்றியது. அடிமைகளை உடைமையாக வைத்திருப்பவர் மிஷனெரியாகலாமா என்னும் வழக்கில் அமெரிக்க பாப்டிஸ்டுகள் பிளவுபட்டனர். இவர்கள் கடலில் இருந்த 1845 மே மாதத்தில், தென் மாநிலத்தார் அகஸ்டா நகரில் கூடித் தனி அமைப்பு கண்டனர். கரேனியருக்குக் கல்வி தந்த நாட்டிலேயே, மனிதனை மனிதன் விலைக்கு வாங்கும் கொடுமை தீராதிருந்தது.

இதனால் சாராவின் தியாகம் சிறிதும் குறையாது. ஆயினும், பிறர் தரும் உதவியை நன்றியுடன் ஏற்கும் மக்கள், தம் விடுதலை முழுவதையும் அவர்கள் கையில் விட்டுவைத்தல் ஆகாது என்பது இதிலிருந்து விளங்கும். உதவ வந்தவர் ஒருநாள் கப்பலேறுவர். வழியிலேயே மறைதலும் கூடும். பள்ளி நிலைக்க வேண்டுமாயின், கற்றவர்களே அதைத் தாங்க வேண்டும்.

கரேனியர் அதைச் செய்து காட்டினர். கடனுக்கு அடிமைப்பட்டு மீட்கப்பட்ட கோ தா பியூ, வயது வந்தபின் எழுத்துக் கற்று, 1828-இல் தவாயில் ஞானஸ்நானம் பெற்று, தம் இனத்தாரிடையே ஊர் ஊராகச் சென்று போதித்தார். 1830-களில் கரேன் மொழிக்கு எழுத்து அமைந்தது. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஐம்பதாம் ஆண்டாகிய 1878-இல், பஸ்ஸீன் நகரில் அவர் பெயரால் கல்விக்கென ஒரு பெரும் மண்டபம் திறக்கப்பட்டது. ஏழை உழவர்களான கரேனியர் தாமே பொருள் திரட்டி அதை எழுப்பினர்.

வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் நினைவிற்கொள்ள வேண்டியது இதுவே. நமக்கு முதலெழுத்துக் கற்பித்தவர்களை வணங்குவோம். அடுத்த தலைமுறைக்கு அவ்வெழுத்தைக் கற்பிக்கும் கடமையோ நம்முடையது.