கண்ணாடிக் குழாய் சொல்லாதது

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வெட்டும்போதோ வரப்பில் நடக்கும்போதோ கண்ணாடி விரியன் கடித்தவருக்குச் செய்யும் முக்கியமான ரத்தச் சோதனைக்கு எந்திரம் எதுவும் வேண்டாம். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் நஞ்சு உள்ளே வேலை செய்கிறது. விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது, உறைதலைத் தூண்டிவிடுவதே கண்ணாடியின் பரப்புதான். அமெரிக்காவில் லீ, வைட் இருவரும் 1913-இல் வகுத்த உறைநேரச் சோதனையின் எளிய வாரிசு இது. 1970-களில் நைஜீரியாவில் சுருட்டை விரியன் கடிக்கு டேவிட் வாரல் குழுவினர் இதைக் கையாண்டார்கள். 2007-இல் வந்த இந்தியப் பாம்புக்கடி சிகிச்சை நெறிமுறையும் ஏற்றுக்கொண்டது.

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலைக்கு இப்படியொரு சோதனை எவ்வளவு தேவை என்பதை அந்த மலையின் வரலாறே சொல்லும். 1976 வரை மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள் மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தன. அரசின் சாலையும் ஆஸ்பத்திரியும் மலையேறத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மக்களின் அடிப்படை வசதிக் குறைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரிக்க எடுத்தது 2024-இல்தான். இவ்வளவு எளிய சோதனையை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வியிலும் நியாயம் உண்டு. இலங்கையில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, விரியன் நஞ்சால் உறைதல் கெட்டிருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேரிடமே இச்சோதனை அதைக் காட்டியது என்றது. ஆனால் அங்கேயே 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒழுங்காகச் செய்தபோது அந்த அளவு 80 சதவீதத்தைத் தாண்டியது. அதனால் முதல் குறை குழாயில் இல்லை, கையில்தான் என்பேன்.

இன்னொரு குறை இருக்கிறது, அதுதான் பெரிது. ரத்தம் மறுபடி உறையத் தொடங்கியதும் நோயாளி தேறிவிட்டதாகக் கொள்கிறோம். விரியன் நஞ்சோ உறைபொருள்களைத் தூண்டித் தூண்டியே தீர்த்துவிடுகிறது. வெளியே ரத்தம் உறையாத அதே வேளையில் உள்ளே நுண்ணிய நாளங்களில் சிறு ரத்தக்கட்டிகள் அடைத்துக்கொள்கின்றன. சிறுநீரகம் கெடுவது கண்ணுக்குத் தெரியும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெடுவது தெரியாது. கேரளத்திலிருந்து 1976-லும், பர்மாவிலிருந்து 1987-இல் லான்செட் இதழிலும் இது பதிவானது. மாதங்களோ வருடங்களோ கழித்துத் தீராத அசதி, குளிர் தாங்காமை, ரத்த அழுத்தம் குறைதல், பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது, உடல் முடி உதிர்வது. “உடம்பில் தெம்பே இல்லை” என்று வருபவரிடம் பழைய பாம்புக்கடியைப் பற்றி யார் கேட்கிறார்கள்? ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்புவதே எளிது.

அப்படியானால் எல்லா நாள்பட்ட சோர்வுக்கும் உறைதல் கோளாறுதான் காரணமா? இந்த எண்ணத்துக்கும் விரியனுக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. 1934-இல் மக்ஃபார்லேன் ஹீமோபிலியா நோயாளிகளின் ரத்தப்போக்கை நிறுத்த விரியன் நஞ்சைப் பயன்படுத்தினார். 1986-இல் தியாகராஜன் முதலானோர், தவறான இடத்தில் ரத்தம் உறையச் செய்யும் எதிர்ப்பொருள்களைக் கண்டறிய அதே நஞ்சை நீர்த்துப் பயன்படுத்தும் சோதனையை வெளியிட்டார்கள். 1999-இல் டேவிட் பெர்க் குழுவினர், நாள்பட்ட சோர்வு நோயும் அந்த எதிர்ப்பொருள் நோயின் ஒரு வகையாக இருக்கலாம் என்றனர். கொரோனாவுக்குப் பிறகு தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோர்வு நோயாளிகளின் ரத்தத்தில் நுண்கட்டிகளைக் காட்டினார்கள். ஆனால் சோர்வுக்கு அவைதான் காரணமென்று நிறுவப்படவில்லை. கொரோனாவுக்குப் பிந்தைய நோயில் அவற்றை வடிகட்டி எடுக்கும் சிகிச்சைக்குப் போதிய சான்றில்லை என்றது 2023-இல் காக்ரேன் மதிப்பாய்வு. விரியன் கடித்தவரின் கதை வேறு. நஞ்சு தெரியும், சேதம் எங்கே என்பதும் தெரியும். அவருக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் உறைதல் சோதனைகள் வேண்டாம். முதலில் காலை கார்டிசால், தைராய்டு ஹார்மோன் இரண்டையும் பார்த்தால் போதும். குறைந்திருந்தால் மாத்திரை உண்டு. நவம்பர் 2024-இல் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதனால் சேரும் பதிவுகளை வைத்தே, விரியன் கடித்துப் பிழைத்தவர்களை ஆறு மாதம் கழித்து, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ கூப்பிட்டு இந்த இரண்டையும் பார்த்துவிடலாம்.