உயிர் மீட்கும் கைகள்

நெஞ்சத் துடிப்பு நின்று ஒருவர் சாலையோரத்தில் சாய்ந்து கிடக்கும்போது, சுற்றி நிற்போர் செயலற்று நிற்பதற்குப் பெரும்பாலும் இரக்கமின்மை காரணமன்று, அச்சமே காரணம். பயிற்சியில்லாத தம் கையால் தீங்கு நேர்ந்துவிடுமோ என்னும் அவ்வச்சத்திற்கு ஒரு காலத்தில் மருத்துவ உலகமே ஆட்பட்டிருந்தது.

கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாம் நகரில், நீரில் மூழ்கியோரை மீட்பதற்கென்றே 1767ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. 1774இல் லண்டனிலும் அத்தகைய சங்கம் எழுந்தது. உடலைச் சூடாக்குதல், வாயில் வாய் வைத்து ஊதுதல் ஆகியவற்றோடு, புகையிலைப் புகையைக் குடலுக்குள் செலுத்துவது போன்ற பயனற்ற முறைகளும் அன்று பரிந்துரைக்கப்பட்டன. முறைகளில் பிழை இருந்தது. அருகில் நிற்பவரே முதலில் உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் பிழையில்லை.

1950களில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சாஃபர் என்னும் மருத்துவர்கள், ஒருவர் வெளிவிடும் மூச்சுக் காற்றே மற்றொருவரின் உயிரைத் தாங்கப் போதுமானது என மெய்ப்பித்தனர். 1960இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து அடுத்த செய்தி வந்தது. மின்பொறியாளர் கூவன்ஹோவன், நிக்கர்பாக்கர், அறுவை மருத்துவர் ஜூட் ஆகிய மூவரும், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்திக் குருதியை ஓடச் செய்யலாம் என அறிவித்தனர். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை; இரண்டு கைகளே போதும்.

ஆயினும், அக்கைகள் எவருடையனவாக இருக்கலாம் என்ற வினா எழுந்தது. விலா எலும்பு முறியலாம், உள்ளுறுப்புகள் சிதையலாம் என அஞ்சி, 1966இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர் மாநாடு, மருத்துவத் துறையினருக்கே அப்பயிற்சியை வலியுறுத்தியது. ஆனால், இதயம் நிற்கும் இடம் பெரும்பாலும் மருத்துவமனை அன்று, வீடும் வீதியுமே. மருத்துவர் வந்து சேர்வதற்குள் மூளை குருதியின்றி அழியத் தொடங்கிவிடும். இதனை உணர்ந்த சியாட்டல் நகரம், 1972இல் பொதுமக்களுக்குப் பெருமளவில் பயிற்சியளிக்க முற்பட்டது. 1973இல் கூடிய அடுத்த மாநாடும் அவ்வழியையே ஏற்றது.

பின்னர், தொலைபேசி வழியே அறிவுரை கூறிப் பயிற்சியற்றவரையும் செயற்படுத்தும் முறை வளர்ந்தது. இதயம் நிற்காதவரின் மார்பைத் தவறுதலாக அழுத்திவிட்டால் என்னாகும் என்ற பழைய ஐயத்திற்கு, சியாட்டல் வட்டார ஆய்வொன்று 2010இல் விடை தந்தது. அவ்வாறு அழுத்தப்பட்ட 247 பேரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினருக்கு வலி முதலிய துன்பமும், 2 விழுக்காட்டினருக்கு எலும்பு முறிவும் காணப்பட்டன. உள்ளுறுப்புச் சிதைவு எவருக்கும் காணப்படவில்லை. மறுபுறம், உண்மையிலேயே இதயம் நின்றவருக்கு உதவி கிட்டாவிடில், உயிர் பிழைக்கும் வாய்ப்பு நிமிடந்தோறும் 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. முறிந்த எலும்பு கூடும். நின்றுபோன உயிர் மீளாது.

திடீரெனச் சாயும் பெரியவர்களுக்கு, மூச்சு ஊதாமல் மார்பை மட்டும் அழுத்தினாலும் போதும் என 2008இல் அமெரிக்க இதயச் சங்கம் எளிமைப்படுத்தியது. நீரில் மூழ்கியோருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் இன்றியமையாதது. சிங்கப்பூரில் 2012 முதல், 995 என்ற எண்ணில் அழைப்பவருக்கு அழுத்தும் முறை தொலைபேசியிலேயே சொல்லித்தரப்படுகிறது.

பள்ளியில் முதலுதவி கற்கும் மாணவர் இவ்வரலாற்றையும் அறிதல் நன்று. பயிற்சி பெற்ற கை சிறந்தது. பயிற்சியற்ற கையும் பயனுடையது. கட்டிக்கொண்டு நிற்கும் கையே ஆபத்தானது.